துணைத்தலைவர் தேடிப் போன மூன்று நாள்

அமெரிக்காவில் அதிபர் பதவிக்கு நிற்கிறவர் தனக்குத் துணையாக ஓர் ஆளைப் பிடிக்க, வக்கீல்கள், ஆலோசகர்கள் என்று ஒரு பட்டாளத்தையே வைத்துக்கொள்வாராம். வரப்போகிறவர் சின்ன வயதில் மாங்காய் திருடினாரா என்பது வரைக்கும் தோண்டித் துருவிப் பார்ப்பார்களாம். டீவியில் பார்த்துவிட்டு குமரேசன்தான் இதை எனக்குச் சொன்னார். சொல்லி முடித்த கையோடு, "நமக்கு அந்தப் பட்டாளம் நீங்கதானுங்க" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் மதுரை. கோவைக்கு வந்து பல வருடமாக பேக்கரிகளுக்கு ஈஸ்டும் எசென்ஸும் விற்கிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. சாராயக்கடையில் வேலை பார்க்கிற துறவி மாதிரி என் பிழைப்பு.

குமரேசனுக்குப் பீளமேட்டில் பேக்கரி. எங்கள் பக்கத்துப் பேக்கரிக்காரர்கள் சங்கத்தில் தலைவர் பதவிக்கு இது அவருடைய மூன்றாவது போட்டி. இந்தச் சங்கத்தில் தலைவரும் துணைத்தலைவரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். ஒருவர் கோவைக்காரர் என்றால் மற்றவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். முன்னொரு காலத்தில் தனித்தனியாக ஜெயித்து வந்த இருவர் சங்க அலுவலகத்துக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டதால் வந்த விதி என்பார்கள். முதல் தடவை குமரேசனுக்கு வாய்த்த துணை, பிரச்சாரக் கூட்டத்திலேயே தூங்கிவிட்டார். இரண்டாவது துணைக்குத் தன் மாமனார் ஊரோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஊரில்தான் ஓட்டு அதிகம்.

குமரேசன் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரு நாள் எல்லாப் பேக்கரிக்கும் சேர்ந்தாற்போல் லீவு. இந்த ஊரில் பேக்கரி என்றால் விடியும் முன் திறந்து ஊர் அடங்கிய பிறகு மூடுகிற கடை. ஒருவன் மட்டும் மூடினால் அவனுடைய வாடிக்கை முழுக்க எதிர்க்கடைக்குப் போய்விடும். போனது திரும்பி வராது. அதனால் யாரும் மூடுவதில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று, தலையில் மைதாவோடு குமரேசன் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, வாட்ச்மேன் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முடிவு செய்தது இந்தப் போட்டி.

எதிரே நிற்பவர் கந்தசாமி. நீண்ட காலமாக அவர்தான் தலைவர். லீவைப் பற்றிக் கேட்டால், "டீ குடிக்கறவன் லீவு உடுவானுங்களா?" என்பார். பதில் சொல்ல முடியாத கேள்வி.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வேட்புமனு முடிகிறது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் குமரேசனுக்குத் துணை கிடைக்கவில்லை. போனில் கேட்கலாமே என்றேன். கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நேரில் போக வேண்டும். அவர் போக முடியாது, கடைக்கு லீவு இல்லை. ஆகவே நான்.

"போன உடனே துணைக்கு நிக்கறீங்களான்னு கேட்டுப்போடாதீங்க" என்று பாடம் நடத்தினார். "மரியாதையா இருக்காது. 'தலைவரா நீங்க நில்லுங்க, நான் துணைக்கு வாரேன்னு குமரேசன் சொன்னாருங்க'ன்னு ஆரம்பிக்கோணும். அவிய 'அட, அவரு இருக்கறப்ப நானாங்க'ம்பாங்க. மறுக்காவும் சொல்லோணும். மறுக்காவும் வேண்டாம்பாங்க. மூணாவது தடவை, 'செரி, துணைக்காச்சும் வாங்க'ன்னு முடிச்சுப்போடோணும்."

எங்கள் மதுரையில் ஒருவரைப் பார்த்து 'தலைவரா நீங்களே இருங்க' என்று சொன்னால், சொன்னவர் வாயை மூடும் முன் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். "மொதல் தடவையே சரின்னுட்டா?" என்று கேட்டேன்.

குமரேசன் சிரித்தார். "அப்படி ஒரு ஆளு இந்தச் சீமையில இன்னும் பொறக்கலீங்க."

புதன்கிழமை காலை வெள்ளகோவிலுக்குக் கரூர் பஸ் ஏறினேன். காங்கயம் தாண்டியதும் வறண்ட மேய்ச்சல் காடு, முள்வேலி, ஜன்னலில் சுகமான காற்று. தூங்கிவிட்டேன். விழித்தபோது கண்டக்டர் என்னையே பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வெள்ளகோயில் போயி கால்மணி நேரமாச்சுங்க."

"எழுப்பியிருக்கலாமேங்க!"

"எழுப்பலாம்னுதான் ரெண்டு தடவை வந்தனுங்க. கொழந்தையாட்டத் தூங்கறீங்க. மனசு வல்லீங்க."

மதுரை கண்டக்டராக இருந்தால் தோளில் ஓர் அடி, என் பரம்பரையைப் பற்றி இரண்டு வார்த்தை, சரியான ஊரில் இறக்கியிருப்பார். இங்கே மரியாதையாக அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எதிர்ப்பக்கம் வந்த முருங்கைக்காய் வண்டியில், காய்க்கட்டுகளுக்கு நடுவே நானும் ஒரு கட்டாக உட்கார்ந்து திரும்பி வந்தேன்.

நாச்சிமுத்துவின் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. வெளியூர்ப் பேருந்துகள் நின்று கிளம்பும் இடம். அறுபதைத் தொடும் வயது, வெள்ளைச் சட்டை, கல்லாவில் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கிற மனிதர். வந்த விஷயத்தைச் சொல்லும் முன்பே என் முன்னால் டீ, தேங்காய் பன், முட்டை பப்ஸ், தேன் கேக். எனக்குச் சுகர் என்றேன். "அப்ப பப்ஸ் எச்சா ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார்.

பாடம் ஒப்பித்தேன். "தலைவரா நீங்க நில்லுங்கன்னு குமரேசன் சொன்னாருங்க."

"அட ஏனுங்க, அவரு இருக்கறப்ப நானாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுதிக் கொடுத்ததுபோல் அதே வார்த்தை! மறுபடி சொன்னேன், மறுபடி மறுத்தார். மூன்றாவது தடவை துணைக்கு இறங்கி வந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு லீவு விஷயத்தைச் சொன்னேன். மலர்ந்தது அப்படியே நின்றது.

"மாசம் ஒரு நாளு கடையை மூடோணுங்களா?"

"ஆமாங்க."

அவர் என் கையைப் பிடித்துக் கடை வாசலுக்குக் கூட்டிப்போனார். மேலே காட்டினார், பக்கவாட்டில் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமே இல்லீங்கல்ல? அதானுங்க. கடை கட்டி இத்தனை வருசம், நாங்க கதவே வெக்கலீங்க. ராத்திரி பகலு பஸ்ஸு வருதுங்களே. மூடோணும்னா மொதல்ல ஆசாரியக் கூப்புட்டு அளவெடுக்கோணும்."

மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. "பேசிக்கலாமுங்க" என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போய் அரிசிம்பருப்புச் சோறு போட்டார். நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினார்கள். குழி நிரம்பியதும் பக்கத்தில் இன்னொரு குழி பறித்தார்கள். கிளம்பும்போது கையில் ஒரு பை: கேக் இரண்டு கிலோ, முறுக்கு, ஒரு கட்டு முருங்கைக்காய். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஒரு பெரிய உண்மை பிடிபட்டது. இந்தப் பக்கம் மறுப்பை வாயால் சொல்ல மாட்டார்கள், பார்சலாகக் கட்டிக் கொடுப்பார்கள். பை எவ்வளவு கனமோ, பதில் அவ்வளவு மோசம்.

வியாழக்கிழமை பவானி. வேலுச்சாமியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் கலகலப்பான ஆள். பேசும்போது எதிரில் இருப்பவர் தொடையில் தட்டுவார். தலைவருக்கு நில்லுங்கள் என்றேன், இரண்டு தடவை முறைப்படி மறுத்தார். துணைக்கு வாருங்கள் என்றேன், "செரிங்க!" என்று தொடையில் தட்டினார். லீவா? "கட்டாயம் வேணுமுங்க!" தட்டினார். நான் குமரேசனுக்குப் போன் போட எழுந்தேவிட்டேன்.

"ஆனா ஒரு சின்னச் சமாச்சாரமுங்க" என்றார் வேலுச்சாமி. "நேத்து கந்தசாமியண்ணனும் வந்தாருங்க. அவருக்கும் துணைக்கு நிக்கறேன்னு சொல்லிப்போட்டனுங்க."

"அப்புறம் எனக்கு எப்படிங்க சரின்னீங்க?"

"ஊடு தேடி வந்தவியளை எப்படீங்க மாட்டேங்கறது?"

"ரெண்டு பேருக்கும் துணையா நிக்க முடியாதுங்களே."

"ஏனுங்க? யாரு செயிச்சாலும் நம்ம ஆளுதானுங்களே."

இதைவிடப் பெரிய அரசியல் தெளிவை நான் இன்றுவரை எங்கும் கேட்டதில்லை. மத்தியானம் பள்ளிபாளையம் சிக்கன் வாங்கிக் கொடுத்தார். தேங்காய்ச் சில்லையும் காய்ந்த மிளகாயையும் போட்டு வதக்கியிருந்தார்கள். மிளகாயை ஒதுக்கித்தான் சாப்பிட வேண்டும் என்பது கடைசி வாயில்தான் தெரிந்தது. கண்ணீரோடு விடைபெற்றேன். பிரிவுத் துயரம் என்று நினைத்து அவரும் கலங்கினார். என் தோளில் ஒரு பவானி ஜமக்காளத்தைப் போட்டார். நாலு பேர் படுக்கிற அளவு, சிவப்புக் கரை. அவ்வளவு பெரிய 'இல்லை'யை நான் எதிர்பார்க்கவில்லை.

இரவு பவானியிலேயே தங்கி, வெள்ளிக்கிழமை காலை ஜமக்காளத்தோடு நேராகச் சத்தியமங்கலத்துக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் அதற்கு மடி போதவில்லை. பக்கத்து சீட்டு அம்மா, "இப்படிக் குடுங் கண்ணு" என்று பாதியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அவர் இறங்கும் வரைக்கும் இரண்டு பேரும் ஒரே போர்வையில் பயணம் செய்தோம். எதிர் சீட்டுக்காரர் எங்களைப் பார்த்து, "புதுசுங்களா?" என்று கேட்டார். ஜமக்காளத்தைத்தான் கேட்டார் என்று நம்பி, ஆமாம் என்றேன்.

சத்தியில் இறங்கியதும் டீ குடிக்கத் தோன்றியது. முதல் பேக்கரி பூட்டியிருந்தது. அடுத்ததும் பூட்டு. நாலு கடை நடந்தேன், நாலும் ஷட்டர். யாராவது பெரிய மனிதர் இறந்துவிட்டாரா, பந்த்தா? பூக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் மல்லிகையை அளந்தபடியே, "மாசக் கடைசி வெள்ளிங்களே, பேக்கரி லீவுங்க" என்றார். "எல்லாம் ருக்மணியக்கா ஏற்பாடு."

நான் தேடி வந்ததே ருக்மணியம்மாவைத்தான். நடுரோட்டில் ஜமக்காளத்தோடு நின்றுவிட்டேன். குமரேசன் இத்தனை நாளாகக் கனவு கண்டது இங்கே பூட்டுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு டீ கிடைக்காததைத் தவிர வேறு குறை இல்லை.

ருக்மணியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். லாரியில் சரக்கு அனுப்புவேனே தவிர நேரில் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் நான் பெயரைச் சொன்னதும், "போன மாசம் அனுப்புன ஈஸ்ட்டு பொங்கவே இல்லீங்க. பன்னெல்லாம் அப்பளமாட்டக் கெடந்துச்சு" என்றுதான் வரவேற்றார். பிறகுதான் வாங்க. அவருடைய கணவர் கடையில் ஓவன் மாஸ்டர். லீவு நாளானதால் பனியனோடு உட்கார்ந்து பேரனுடன் தாயம் ஆடிக்கொண்டிருந்தார். "அவரு அடுப்பைப் பாத்துக்குவாருங்க, பேச்சு பூரா நானுங்க" என்றார் அம்மா. அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அதுவும் அன்றைய அவருடைய பேச்சுக் கணக்கில் அதிகம் என்று நினைக்கிறேன்.

இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து, எள்ளுப்பொடி தூவிக் கொடுத்தார்கள். இரண்டாவது தட்டில் நான் பாடத்தைத் தொடங்கினேன். இரண்டு நாள் பயிற்சி; குரலில் குழைவெல்லாம் சரியாக வந்தது.

"தலைவரா நீங்க நில்லுங்க, நான் துணைக்கு வாரேன்னு குமரேசன் சொல்லி உட்டாருங்க."

"செரிங்க" என்றார் ருக்மணியம்மா.

நான் அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த வரி, அவர் மறுத்தால் சொல்ல வேண்டியது. அவர் மறுக்கவில்லை. திறந்த வாயில் சந்தகையைப் போட்டுக்கொண்டேன். தாயக்கட்டையை உருட்டப்போன கணவர் கையை அப்படியே வைத்திருந்தார்.

"அதாவதுங்க..." என்றேன்.

"குமரேசன் அப்படிச் சொன்னாருங்களா இல்லீங்களா?"

"சொன்னாருங்க."

"அப்பறம் என்னங்க?"

"இல்லீங்க... நீங்க ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு..."

ருக்மணியம்மா சிரித்துவிட்டார். "அது எனக்குத் தெரியாதுங்களா? நானும் இந்தச் சீமைதானுங்க. இந்த லீவு கொண்டாரதுக்கு ஒவ்வொரு கடையா ஏறி எறங்குனேன். எல்லாருக்கும் லீவு வேணும். ஆனா 'மொதல்ல அவரு மூடட்டுங்க'ம்பாரு இவரு. 'நீங்க மூடுங்க, பொறகால நானு'ம்பாரு அவரு. மரியாதையிலயே ஒரு வருசம் போச்சு. ஒரு நாளு நானே ஷட்டரை இழுத்து உட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். அடுத்த மாசம் ரெண்டு கடை, அதுக்கடுத்த மாசம் அஞ்சு. யாராச்சும் ஒருத்தர் செரின்னு சொல்லோணுமுங்களே."

இன்னொரு தட்டு சந்தகை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது வாசலில் கொஞ்சம் தயங்கி நின்று பார்த்தேன். பை இல்லை. ஒரு வாழைப்பழம்கூடத் தரவில்லை. என் ஆராய்ச்சிப்படி இதைவிட உறுதியான சம்மதம் உலகத்தில் கிடையாது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து குமரேசனுக்குப் போன் செய்தேன். பின்னால் டீ டம்ளர்கள் கழுவுகிற சத்தம் கேட்டது.

"சரின்னுட்டாங்க."

"அப்பாடி! துணைக்குத்தானுங்களே?"

"தலைவருக்கு."

"எத்தனாவது தடவைங்க?"

"மொதல் தடவை."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"இன்னொரு தட்டு சந்தகை வாங்கிக்கிட்டேங்க."

அந்தப் பக்கம் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். குமரேசனின் மனைவி சாந்தி. "அண்ணா, சொன்னது சொன்னதுதானுங்க. அந்தக்காவை நாளைக்கு நேரா சங்கத்துக்கு வரச் சொல்லிப்போடுங்க" என்று போனைப் பிடுங்கிச் சொன்னார்.

மறுநாள் காலை பயந்துகொண்டேதான் பீளமேடு போனேன். குமரேசன் தானே மாவு பிசைந்துகொண்டிருந்தார். மேஜையில் அச்சாகி வந்த பேனர் சுருட்டி வைத்திருந்தது. தலைவர் வேட்பாளர் என்று பெரிய எழுத்தில் அவர் படம். மன்னிப்புக் கேட்டேன். மாவை ஒரு அறை அறைந்தார்.

"தலைவரேன்னு ஒருக்காவாச்சும் யாராச்சும் கூப்பிடோணும்னு ஆசைங்க. பொய் சொல்லக் கூடாது." இன்னொரு அறை. "உனக்கு லீவு வேணுமா, பட்டம் வேணுமான்னு சாந்தி கேட்டாளுங்க. ரெண்டும் வேணும்னேன். ஒண்ணுக்குத்தான் ஓவன்ல எடமிருக்குதுன்னுட்டா."

"நான் வேணா அந்தம்மாகிட்டப் பேசி..."

"என்னன்னு பேசுவீங்க? மரியாதைக்குச் சொன்னேன், நெசம்னு நெனச்சுப்போட்டீங்களேன்னா? அதுக்கு நான் கடையவே மூடிப்போடலாமுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கடையை மூடத்தானே இத்தனை பாடு.

சங்க அலுவலகம் மாடியில். இரண்டரை மணிக்கு நாங்கள் போனபோது, படிக்கட்டு அடியிலேயே நெரிசல். கந்தசாமி, "குமரேசா, நீங்க மொதல்ல ஏறுங்க" என்கிறார். குமரேசன், "அண்ணன் மொதல்ல" என்கிறார். வேலுச்சாமி இரண்டு பேரையும் ஏறச் சொல்லி இரண்டு பேர் தொடையிலும் தட்டுகிறார். மூன்று மணி ஆகிவிடும்போல இருந்தது. அப்போது சத்தி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ருக்மணியம்மா, "வழி உடுங்க" என்று நடுவில் புகுந்து மேலே போய்விட்டார்.

மேலே அவர் தலைவருக்கும் குமரேசன் துணைக்கும் மனுக் கொடுத்தார்கள். கந்தசாமி தன் மனுப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசந்து நின்றார். நாலு பேர் பார்க்கிறார்கள். பழக்கம் விடுமா?

"அம்மணி, நீங்க நிக்கறது தெரிஞ்சிருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனுங்களே" என்றார்.

ருக்மணியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நீங்க பாரம் குடுக்கலீங்கல்லண்ணா? இப்பத் தெரிஞ்சுபோச்சுங்களே." கையை நீட்டினார். "இப்படிக் குடுங்க, நான் வெச்சுக்கறேன்."

கந்தசாமி அந்தக் கையையே பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, பாரத்தை அதில் வைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு வாட்டியும் போதும், வேற யாராச்சும் பாருங்கன்னுதானுங்க சொன்னேன்" என்றார் பொதுவாக. "எல்லாரும் 'நீங்களே இருங்க'ன்னாங்க. 'செரிங்க'ன்னு ஒருத்தரும் சொல்லலியே. போன தடவை செயிச்சப்ப இந்தக் குமரேசனே மாலை போட்டு, நீங்களே இருங்கண்ணான்னாப்டி."

"மரியாதைக்குச் சொன்னனுங்க" என்றார் குமரேசன்.

வேலுச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்ப நான் இப்ப யாருக்குங்க துணை?"

போட்டி இல்லாமலே முடிந்தது. முதல் லீவு அடுத்த மாதமே வந்தது. வெள்ளகோவிலில் நாச்சிமுத்து ஆசாரியை இன்னும் தேடிக்கொண்டிருந்ததால், கடை முகப்பில் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டாராம்.

அன்று பதினொரு மணிக்குக் குமரேசன் போன் செய்தார். "ஏனுங்க, எங்கியாச்சும் ஒரு டீ கெடைக்குமுங்களா? ரெண்டு கிலோமீட்டர் நடந்துட்டேன், ஒரு கடைகூடத் தொறக்கலீங்க!" குரலில் நிஜமான கோபம். யாரைக் கோபிப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரச் சொன்னேன். சாந்தியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பவானி ஜமக்காளத்தை விரித்துப்போட்டோம். எல்லோருக்கும் இடம் இருந்தது. என் மனைவி போட்ட டீயைக் குடித்துவிட்டு, "தூளு எச்சா" என்றார் துணைத்தலைவர். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுக் கோப்பையை அந்தப் பெண் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள் கடையிலிருந்து அவர் கொண்டுவந்த தேங்காய் பன்னில் ஒன்றே ஒன்று தட்டில் மிச்சம் இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில்.

"நீங்க எடுத்துக்குங்க" என்றார் குமரேசன்.

"செரிங்க" என்று எடுத்துக்கொண்டேன்.